சாக்ராமென்டும்: சத்தியமா, பந்தயப் பணமா, திருவருட்சாதனமா?

கேள்வி இதுதான்: "புனிதமான சத்தியத்துக்கு லத்தீனில் 'சாக்ராமென்டும்' என்று ஒரு சொல் உண்டு என்று படித்தேன். அகராதியைத் திறந்தால் வழக்கில் கட்டும் பணம், படைவீரனின் உறுதிமொழி, ஞானஸ்நானம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருள்கள் வருகின்றன. உண்மையில் இதன் பொருள் என்ன? ரோமில் நடக்கும் கதை ஒன்று எழுதுகிறேன், அதில் இதை எங்கே பயன்படுத்தலாம்?"

சம்பந்தம் இருக்கிறது. ஆனால் 'சத்தியம்' என்ற நம் சொல்லிலிருந்து தொடங்கினால் பிடிபடாது. சத்தியம் என்றாலே உண்மை. நாம் சத்தியம் செய்யும்போது பாரம் முழுவதும் சொல்லின் மேல் விழுகிறது. சாக்ராமென்டும் வேறு திசையிலிருந்து வரும் சொல். ஒரு பொருளையோ ஓர் ஆளையோ தெய்வத்தின் கணக்கில் எழுதிவைப்பதுதான் அதன் அடிப்படை.

இதன் வேர் 'சாகெர்'. அகராதிகள் 'புனிதமான' என்று போடும். அது பாதிதான் சரி. குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவை நினைத்துக்கொள்ளுங்கள். நிற்பது நம் தொழுவத்தில்தான், தீனி போடுவதும் நாம்தான். ஆனால் விற்க முடியாது, விருந்தாளி வந்தால் அடிக்க முடியாது. அது சாமியுடையது. சாகெர் என்பது கிட்டத்தட்ட அந்த நிலை. ரோமர்கள் இதை மனிதர்களுக்கும் சொன்னார்கள். கி.மு. 450 வாக்கில் எழுதப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டத்தில், தன்னை அண்டி வாழ்பவனை ஏமாற்றும் புரவலனுக்கு ஒரே வரியில் தண்டனை இருக்கிறது: 'அவன் சாகெர் ஆகட்டும்.' சாகெர் ஆனவனை யார் கொன்றாலும் கொலைக்குற்றம் கிடையாது. கிடாவுக்கும் அவனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: அவனை முறைப்படி பலி கொடுக்கக் கூடாது. மற்றபடி, மனிதர்களின் பாதுகாப்பிலிருந்து எடுத்துத் தெய்வத்திடம் தள்ளிவிட்டாயிற்று, அவ்வளவுதான். புனிதமும் சாபமும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன.

பின்னால் ஒட்டும் 'மென்டும்' என்பது கருவியையோ வழியையோ குறிக்கும் விகுதி. நினைவூட்டுவது மோனுமென்டும், அழகு சேர்ப்பது ஒர்னாமென்டும். அப்படியானால் சாகெர் ஆக்குவது சாக்ராமென்டும். இதைப் பிடித்துக்கொண்டால் அகராதியில் இருக்கும் எல்லாப் பொருளுக்கும் வழி தெரியும்.

முதலில் நீதிமன்றம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கையஸ் என்ற சட்ட ஆசிரியர் எழுதிய பாடநூலில் பழைய வழக்குமுறை ஒன்று வருகிறது. (அந்த நூலே கிட்டத்தட்ட தொலைந்துபோனதுதான். 1816இல் வெரோனாவில், கிறிஸ்தவ அறிஞர் ஜெரோமின் கடிதங்களை எழுதுவதற்காக அழித்துவிட்ட பழைய தோலேட்டில், அடியெழுத்தாகக் கண்டெடுத்தார்கள்.) ஓர் அடிமை யாருக்குச் சொந்தம் என்று இரண்டு பேருக்குத் தகராறு என்று வையுங்கள். அடிமையை ப்ரேட்டர் என்ற நீதி அதிகாரியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வழக்குப் போட்டவர் கையில் ஒரு குச்சி. ஆளைப் பிடித்துக்கொண்டு, "ரோமக் குடிமக்களின் சட்டப்படி இந்த ஆள் என்னுடையவன் என்கிறேன்" என்று சொல்லிக் குச்சியை அவன் மேல் வைப்பார். எதிராளியும் அதே வார்த்தைகளைச் சொல்லித் தன் குச்சியை வைப்பார். இரண்டு பேர் பிடியிலும் ஒரே மனிதன். ப்ரேட்டர், "இருவரும் ஆளை விடுங்கள்" என்பார். விட்டதும் முதலாமவர் சவால் விடுவார்: "நீ நியாயமில்லாமல் உரிமை கொண்டாடியதால், 500 ஆஸ் சாக்ராமென்டுமுக்கு உன்னை அழைக்கிறேன்." எதிராளி, "நானும் உன்னை" என்பார்.

ஆஸ் என்பது வெண்கலக் காசு. தகராறில் இருக்கும் பொருள் 1000 ஆஸோ அதற்கு மேலோ பெறுமானால் 500, அதற்குக் கீழே என்றால் 50. நிலத் தகராறு என்றால் வயலிலிருந்து ஒரு மண்ணாங்கட்டியைக் கொண்டுவந்தால் போதும். மந்தை என்றால் ஓர் ஆடோ, அதன் மயிரோ போதும். எனக்கு இந்த நூலில் மிகவும் பிடித்த இடம் வேறு. ஒருவர் அடிமையா, சுதந்திர மனிதரா என்ற வழக்கில், அந்த ஆள் எவ்வளவு விலை பெறுபவராக இருந்தாலும் பந்தயம் 50 ஆஸ்தான். பிறர் விடுதலைக்காக வாதாட வருபவர்கள் மேல் சுமை ஏற்றக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள் என்று கையஸே காரணமும் சொல்கிறார்.

இந்தப் பணத்துக்குத்தான் சாக்ராமென்டும் என்று பெயர். ஜெயித்தவர் தன் பணத்தைப் புனித இடத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொள்வார், தோற்றவரின் பணம் பொதுக் கருவூலத்துக்குப் போகும் என்று ரோம அறிஞர் வார்ரோ எழுதியிருக்கிறார். எதிராளிக்குப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆதியில் இருவரும் தெய்வத்தின் பெயரால் ஆணையிட்டிருப்பார்கள், இருவரில் ஒருவர் சொன்னது நிச்சயமாகப் பொய், அந்தப் பொய்யாணைக்குப் பரிகாரமாகவே பணம் தெய்வத்துக்குப் போயிருக்கும் என்பது பல அறிஞர்களின் ஊகம். எனக்கும் அது பொருந்தி வருவதாகத்தான் படுகிறது. ஏனென்றால் நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லும் விதமே விசித்திரமானது. 'ஆள் இவருடையவன்' என்று சொல்ல மாட்டார்கள், 'இவருடைய சாக்ராமென்டும் நியாயமானது' என்பார்கள். ரோமின் பேர்பெற்ற வழக்கறிஞர் சிசரோ இளைஞராக இருந்தபோது அரேட்டியம் ஊர்ப் பெண் ஒருவரின் சுதந்திரத்துக்காக வாதாடி ஜெயித்ததைப் பின்னாளில் சொல்லும்போதும் இந்த வாசகத்தையே பயன்படுத்துகிறார்: எங்கள் சாக்ராமென்டும் நியாயமானது என்று தீர்த்தார்கள்.

அடுத்தது படை. இங்கே பந்தயத்தில் வைப்பது காசு அல்ல, ஆள். கான்சல் (ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் ஆட்சித்தலைவர்) அழைத்தால் வந்து சேருவேன், உத்தரவில்லாமல் போக மாட்டேன் என்று வீரன் ஏற்கும் கட்டுதான் படைத்துறையின் சாக்ராமென்டும். அதை முறித்தவன் தெய்வத்துக்கு உரியவனாகிவிடுவான், அதாவது சாகெர். கொடியை விட்டு ஓடியவனை விசாரணை இல்லாமலே கொல்லத் தளபதிக்கு அதிகாரம் இருந்தது என்று ஹாலிகார்னாசஸ் ஊர்க் கிரேக்க வரலாற்றாசிரியர் டயோனீசியஸ் எழுதுகிறார்.

இதன் கொடூரமான முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ரோம வரலாற்றாசிரியர் லிவியின் 10ஆவது நூலைப் பார்க்க வேண்டும். கி.மு. 293, அக்விலோனியா. ரோமர்களின் எதிரிகளான சாம்னைட்டுகள் பாளையத்தின் நடுவில் ஒவ்வொரு பக்கமும் 200 அடி வைத்து ஓர் இடத்தை வேலியடைத்து, மேலே நார்த்துணியால் கூரை போட்டார்கள். உள்ளே ஒரு கிழப் பூசாரி பழைய துணிச்சுவடி ஒன்றைப் பார்த்துப் பலி கொடுத்தார். வீரர்களை ஒவ்வொருவராக உள்ளே அழைத்தார்கள். நடுவில் பலிபீடங்கள், சுற்றிலும் வெட்டுண்ட விலங்குகள், உருவிய வாளோடு நூற்றுவர் தலைவர்கள். உள்ளே கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று முதலில் ஆணை. பிறகு, தளபதி அழைத்த இடத்துக்குப் போகாவிட்டாலும், களத்திலிருந்து ஓடினாலும், ஓடுபவனைக் கண்டும் வெட்டாமல் விட்டாலும், என் தலையும் என் குடும்பமும் என் குலமும் நாசமாகட்டும் என்று தன்னையே சபித்துக்கொள்ள வேண்டும். மறுத்த சிலரைப் பீடத்தருகிலேயே வெட்டிப்போட்டார்கள். அடுத்து வந்தவர்களுக்கு அந்தப் பிணங்களே எச்சரிக்கை. இப்படிச் சேர்ந்தவர்கள் 16,000 பேர், பெயர் 'துணிப்படை'. இந்தச் சடங்கை லிவி சாக்ராமென்டும் என்றே சொல்கிறார். பிறகு களத்தில் அவர்கள் நின்றதும் வீரத்தால் இல்லையாம். எதிரியைவிடத் தம் சாபத்துக்கு அதிகம் பயந்தார்களாம். ரோம ஆசிரியர் எதிரியைப் பற்றி எழுதுவது என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். ஆனால் இந்தச் சொல்லைக் கேட்டால் ஒரு ரோமன் மனத்தில் எந்த மாதிரிக் காட்சி எழும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ரோமர்களின் சொந்தச் சடங்கு இவ்வளவு பயங்கரமானது இல்லை. கன்னேப் போருக்கு முன், கி.மு. 216இல், ஒரு மாற்றம் நடந்தது. அதுவரை சாக்ராமென்டும் மட்டும்தான் கட்டாயம். அதற்கு மேல், பயந்து ஓட மாட்டோம், ஆயுதம் எடுக்கவோ எதிரியை அடிக்கவோ சக குடிமகனைக் காப்பாற்றவோ தவிர வரிசையை விட்டு நகர மாட்டோம் என்று வீரர்கள் தங்களுக்குள் தாங்களே ஆணையிட்டுக்கொள்வார்கள். அந்த ஆண்டு முதல் அதையும் அதிகாரிகளே முன்னின்று வாங்கத் தொடங்கினார்கள். இந்த இரண்டாவது ஆணைக்கு லிவி வைக்கும் சொல் 'யூஸ்யூராண்டும்'. சத்தியம், பிரமாணம் என்று நாம் அன்றாடம் சொல்வதற்கு நேரான லத்தீன் சொல் இதுதான். நீதிமன்றச் சாட்சி, ஒப்பந்தம், பதவியேற்பு எல்லாம் யூஸ்யூராண்டும். கி.மு. 190ஆம் ஆண்டுக் கான்சல்களின் பெயரோடு அப்படிப்பட்ட ஓர் ஆணையின் வாசகமே கிடைத்திருக்கிறது: படையிலும் அதைச் சுற்றிப் பத்து மைல் தூரத்திலும் நாளொன்றுக்கு ஒரு வெள்ளிக்காசுக்கு மேல் பெறும் எதையும் திருட மாட்டேன். விதிவிலக்காக ஒரு பட்டியலும் உண்டு: ஈட்டி, ஈட்டிக்காம்பு, விறகு, பழம், தீவனம், தண்ணீர்த் தோல்பை, பணப்பை, தீவட்டி. ஒரு காசு வரை திருடலாம் என்று ஆணையிலேயே இடம் விட்ட அந்த எழுத்தரை எனக்குப் பிடிக்கும். இன்னொரு பக்கம் 'வோட்டும்' என்று ஒரு சொல் இருக்கிறது. அது நம் வேண்டுதல், நேர்த்திக்கடன்: தெய்வமே, இதைச் செய்து கொடு, இதைத் தருகிறேன். மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சாக்ராமென்டும் சட்டரீதியாக எவ்வளவு கறாரானது என்பதற்கு சிசரோ ஒரு கதை சொல்கிறார். முதிய கேட்டோவின் மகன் ஒரு தளபதியின் கீழ் பணியாற்றினான். அவன் இருந்த லெஜியனை, அதாவது படைப்பிரிவை, கலைத்துவிட்டார்கள். பையனுக்குப் போர் ஆசை விடவில்லை, அங்கேயே தங்கிவிட்டான். அப்பா தளபதிக்குக் கடிதம் எழுதினார்: இவனை வைத்துக்கொள்வதானால் புதிதாக ஒரு சாக்ராமென்டுமால் கட்டுங்கள், பழையது முடிந்துவிட்டது, அது இல்லாமல் எதிரியோடு சண்டை போட இவனுக்கு உரிமை இல்லை. ஒரு மனிதன் இன்னொருவனைக் குத்தினால் அது போரா கொலையா என்று முடிவு செய்ததே அந்தக் கட்டுதான்.

குடியரசு போய்ப் பேரரசு வந்ததும் கான்சலின் இடத்தில் பேரரசர் வந்தார், ஆணை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. அதை மறுப்பதே கலகம் என்றானது. கி.பி. 69 ஜனவரி 1ஆம் தேதி, மேல் ஜெர்மனியில் இருந்த லெஜியன்கள் கால்பா என்ற பேரரசரின் சிலைகளை உடைத்துவிட்டு, 'ரோமின் செனட்டுக்கும் மக்களுக்கும்' என்று ஆணையிட்டன. அந்தப் பெயர்கள் அதற்குள் வழக்கொழிந்து போயிருந்தன என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஒரு குத்து குத்துகிறார். இரண்டே நாளில் அவர்களுக்கு வேறு பேரரசர் கிடைத்துவிட்டார். கால்பா அந்த மாதத்தைத் தாண்டவில்லை.

இங்கிருந்து சொல் கோயிலுக்குள் போனது எப்படி? கி.பி. 112 வாக்கில் பித்தீனியா மாநில ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்களை விசாரித்துவிட்டுப் பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், ஒரு சாக்ராமென்டுமால் தங்களைக் கட்டிக்கொள்கிறார்கள். ஆனால் குற்றம் செய்வதற்காக இல்லை, திருட மாட்டோம், கொள்ளையடிக்க மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், வாக்குத் தவற மாட்டோம், அடைக்கலமாகக் கொடுத்ததை இல்லையென்று சொல்ல மாட்டோம் என்பதற்காக. சதிகாரர்களின் இரகசிய ஆணையாக இருக்குமோ என்ற சந்தேகத்தோடு விசாரித்த அதிகாரி அவர், அதனால் அந்தச் சொல்லைப் போட்டார். நூறு வருஷத்துக்குள் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் அதைப் பெருமையோடு எடுத்துக்கொண்டார். ஞானஸ்நானத்தின்போது நாம் சொன்ன பதில்தான் நம் படை ஆணை, அன்றே கடவுளின் படையில் சேர்ந்துவிட்டோம் என்பது அவர் வாதம். அடுத்த கேள்வி தானாக வருகிறது: கடவுளுக்குக் கட்டுப்பட்டவன் அதற்கு மேல் மனிதனுக்கும் கட்டுப்படலாமா?

அந்தக் கேள்விக்கு உயிரால் பதில் சொன்னவர் மார்செல்லஸ் என்ற நூற்றுவர் தலைவர். கி.பி. 298இல், பேரரசரின் பிறந்தநாள் விருந்தின்போது, படைக்கொடிகளுக்கு முன்னால் தன் இடைவாரைக் கழற்றி எறிந்தார், பதவிச் சின்னமான திராட்சைக் கோலையும் எறிந்தார். நான் நித்திய அரசரான இயேசு கிறிஸ்துவின் வீரன் என்றார். இன்றைய மொராக்கோவில் இருக்கும் டாஞ்சியரில், அன்றைய டிங்கிஸில், விசாரித்து, சாக்ராமென்டுமை மீறிய குற்றத்துக்கு வெட்டினார்கள். கிறிஸ்தவராக இருப்பது அங்கே தனிக் குற்றச்சாட்டாகவே வரவில்லை.

இதோடு ஒரு மொழிபெயர்ப்பு விபத்தும் சேர்ந்துகொண்டது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'மிஸ்தேரியோன்' என்று ஒரு சொல், பொருள் மறைபொருள். லத்தீனில் பல இடங்களில் அதைச் சாக்ராமென்டும் என்று பெயர்த்தார்கள். எபேசியர் 5:32இல் திருமணத்தைப் பற்றிப் பேசும் வரி தமிழ் பைபிளில் 'இந்த இரகசியம் பெரியது' என்று இருக்கும், கிரேக்கத்தை ஒட்டி. லத்தீனில் அதே வரி 'இந்தச் சாக்ராமென்டும் பெரியது'. திருமணம் ஒரு திருச்சடங்கு என்பதற்கு இந்த வரியையும் ஆதாரமாகக் காட்டினார்கள். 1520இல் சீர்திருத்தவாதி லூத்தர், மூலத்தில் அப்படி இல்லையே என்று கேட்டார். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1547இல் திருச்சடங்குகள் ஏழு என்று எண்ணிக்கையை உறுதி செய்தது. தமிழில் லூத்தரன் சபைகளில் சாக்கிரமெந்து என்ற சொல் அப்படியே வழங்குகிறது. கத்தோலிக்கர்கள் முன்பு தேவதிரவிய அனுமானம் என்றார்கள், பிறகு திருவருட்சாதனம், இப்போது அருளடையாளம். 'சாதனம்' என்பதில் அந்த மென்டும் விகுதியின் கருவிப் பொருள் வந்து உட்கார்ந்திருக்கிறது, தெரிந்து வைத்தார்களோ தற்செயலோ. சத்தியம் என்ற பொருள் மட்டும் எதிலும் இல்லை.

ஆனாலும் ஆணை என்ற பழைய பொருள் சாகவில்லை. 842 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பூரில் சார்லமேனின் பேரன்கள் இருவர், லூயியும் சார்லஸும், மூன்றாவது சகோதரனுக்கு எதிராக ஒருவருக்கொருவர் ஆணையிட்டார்கள். எதிரே நிற்கும் படைக்குப் புரிய வேண்டும் என்று ஜெர்மன் பக்கத்து லூயி பிரெஞ்சின் முன்னோடியான ரோமான்ஸ் மொழியில் பேசினார், சார்லஸ் ஜெர்மன் மொழியில். பிரெஞ்சின் மிகப் பழைய எழுத்துச் சான்று அதுதான். அதில் சொல் 'சக்ரமென்த்' என்று பாதி தேய்ந்து நிற்கிறது. மேலும் தேய்ந்து இன்றைய பிரெஞ்சில் 'செர்மான்'. பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கத்தில், 1789 ஜூன் 20 அன்று டென்னிஸ் மைதானத்தில் எடுத்த புகழ்பெற்ற உறுதிமொழியும் ஒரு செர்மான்தான். கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரம் மறுகிளை: ஸ்பானியர்கள் நற்கருணையை நினைத்து ஆற்றுக்கு வைத்த பெயர், ஆற்றிலிருந்து ஊருக்கு.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். பாத்திரங்கள் காதலில் சத்தியம் செய்தாலோ, சாட்சிக்கூண்டில் நின்றாலோ, இந்தச் சொல்லைத் தொடாதீர்கள். வீரன், கிளாடியேட்டர், இரகசியக் கூட்டம், கி.பி. 200க்குப் பிறகு கிறிஸ்தவர் என்றால் தாராளமாகப் போடலாம். கிளாடியேட்டர்களின் ஆணை தத்துவஞானி செனெகாவின் கடிதம் ஒன்றில் இருக்கிறது: சுடப்படவும், கட்டப்படவும், வாளால் கொல்லப்படவும் சம்மதம். தமிழில் எழுதும்போது படைக் காட்சிக்குத் திருவருட்சாதனம் வேண்டாம். 'வீரர்கள் திருவருட்சாதனம் பெற்றுப் போருக்குச் சென்றனர்' என்று ஒரு நண்பரின் கைப்பிரதியில் பார்த்துச் சிரித்திருக்கிறேன். 'படை ஆணை' போதும். 'ஆணை எடுத்தான்' என்பதைவிட 'ஆணைக்குக் கட்டுப்பட்டான்' என்று எழுதினால் லத்தீனின் நெடி வரும்.

காட்சியை எப்படி அமைப்பது என்றால், ஆயிரம் பேர் ஒரே குரலில் முழங்குவதுபோல் எழுத வேண்டாம், அது சினிமா. கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் சொல்லும் முறை இது: அதிகாரிகள் பொருத்தமான ஒருவனைத் தேர்ந்தெடுப்பார்கள். அவன் மட்டும் முன்னால் வந்து, மேலதிகாரிகளுக்குக் கீழ்ப்படிவேன், இட்டதை முடிந்த மட்டும் செய்வேன் என்று முழு வாசகத்தையும் சொல்வான். மற்றவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். அவர்கள் சொல்லவேண்டியது, ஃபெஸ்டஸ் என்ற லத்தீன் அகராதி ஆசிரியர் தரும் குறிப்புப்படி, மூன்றே சொற்கள்: 'இடெம் இன் மே'. அதாவது, என் மேலும் அதுவே.